பொம்மை ஆபீஸ்

மாமனாரும் மாமியாரும் பேச்சை நிறுத்திக்கொண்டதால் ஒரு நாட்டின் பாதுகாப்புத் துறைக்கு ஆதாயம் என்று யாராவது சொன்னால், சொன்னவரை நாம் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம். ஆனால் நடந்தது அதுதான். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் அந்த வீட்டு மருமகள்.

காலைச் சாப்பாட்டு மேஜையைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். மேஜை சின்னது. உட்கார்ந்தால் ஒருவர் முழங்கால் இன்னொருவர் மேல் இடிக்கும்.

"ஏம்மா, அந்த மனுஷன்கிட்ட சொல்லு, முட்டை ஆறுது."

அந்த மனுஷன் கை நீட்டினால் தொடும் தூரத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"மாமா, முட்டை ஆறுதாம்."

"ஆறட்டும். உப்பு எங்கன்னு கேளு."

"அத்தை, உப்பு..."

"கண்ணு முன்னாடிதான் இருக்குன்னு சொல்லு. கண்ணுன்னு ஒண்ணு இருந்தா தெரியும்னும் சேத்துச் சொல்லு."

"உங்க முன்னாடிதான் இருக்கு மாமா."

"பாதியை முழுங்கிட்டியே. முழுசாச் சொல்லு," என்றாள் மாமியார், ரொட்டியைத் தட்டில் போட்டபடி.

எல்லாம் ஒரு சைக்கிளால் வந்த வினை. மாமியார் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தவள். வெயிலோ மழையோ, பச்சை நிற சைக்கிள் ஒன்றில்தான் ஊரையே அளந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் கடைக்கு, சொந்தக்காரர் வீட்டுக்கு, சும்மா காற்று வாங்க என்று எதற்கெடுத்தாலும் சைக்கிள்தான். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் மாமனார் அதைப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தானியக் கிடங்கில் எடை போடும் வேலையில் காலம் தள்ளியவர் அவர். வார்த்தையையும் தராசில் வைத்துத்தான் கொடுப்பார். அன்றைக்கு நின்ற பேச்சு, மழை போய், குளிர் போய், இப்போது வெயில் மண்டையைப் பிளக்கும் காலத்திலும் நின்றபடியே இருந்தது. மாடிப்படிக்குக் கீழே சைக்கிள் நின்ற இடம் மட்டும் காலியாகவே கிடந்தது. ஒரு துடைப்பத்தைக்கூட அங்கே யாரும் சாய்த்து வைக்கவில்லை.

மகன் ரயில் ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் தண்டவாளத்தில். வீட்டுக்கு வரும்போது, "அவங்க அப்படித்தான், நீ ஏன் மண்டைய உடைச்சுக்கற?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் குறட்டை விடுவான். மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். தூது போகிற உத்தியோகம் முழுக்க மருமகள் தலையில்தான்.

இதைத் தவிர அவளுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. அது என்ன என்று மட்டும் வீட்டில் சொல்ல முடியாது.

"கம்ப்யூட்டர்ல வேலைங்கற. சர்க்கார் பணம்ங்கற. அதுவும் ராணுவத்துப் பணம்ங்கற. ராக்கெட்டாம்மா?" என்று மாமனார் அடிக்கடி நூல் விட்டுப் பார்ப்பார்.

"இல்ல மாமா."

"அப்ப குண்டுதான்."

"குண்டும் இல்ல மாமா. கேக்காதீங்க. சொன்னா என் வேலை போயிடும்."

உண்மையில் அவள் செய்த வேலையைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்கப் போவதில்லை.

கல்லூரி வளாகத்தின் கடைக்கோடியில், விளையாட்டு மைதானத்தைத் தாண்டி, ஜன்னல் குறைவான ஒரு தாழ்ந்த கட்டடம். வாசலில் கைபேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். உள்ளே கம்ப்யூட்டர்கள் சூடாகாமல் இருப்பதற்காக வருஷம் பூராவும் ஒரே குளிர். வெளியே ரோட்டில் தார் உருகும்போது இங்கே ஆளாளுக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். வெயில் காலத்தில் ஜலதோஷம் பிடித்த முகத்தை வளாகத்தில் எங்கே பார்த்தாலும் அது இந்தக் கட்டடத்து ஆள்தான் என்று காவலாளி சரியாகச் சொல்லிவிடுவார்.

அங்கே கம்ப்யூட்டர்களுக்குள் இருந்தது பெட்டகம். நாட்டுக்கு வேண்டிய கணக்குகளும் வரைபடங்களும் அடங்கிய கோப்புகள். அவற்றைத் திருட உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆள் வரலாம். எத்தனை பூட்டுப் போட்டாலும் உடைக்க ஒருவன் இருப்பான். அதனால் அந்தக் கட்டடத்துக்குத் தலைவரான புரொபசருக்கு ஒரு யோசனை வந்தது. உடைக்கட்டும். உள்ளே வரட்டும். ஆனால் வந்து சேருகிற இடம் பொய்யாக இருக்கட்டும். நிஜ ஆபீசுக்குப் பக்கத்திலேயே, தனிக் கம்ப்யூட்டரில் ஒரு பொம்மை ஆபீஸ். அதில் பொம்மை ஊழியர்கள், பொம்மைக் கோப்புகள், ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பொம்மைக் கடிதங்கள். திருடன் அங்கே பெட்டகத்தைத் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, எந்த வழியாக வந்தான், என்ன சாவி வைத்திருக்கிறான், எதைக் குறி வைக்கிறான் என்று இவர்கள் சாவகாசமாக உட்கார்ந்து குறித்துக்கொள்வார்கள். பாதுகாப்புத் துறை இந்த யோசனையில் மயங்கிப் பணம் கொடுத்தது.

கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? சோதித்துப் பார்க்கத் தங்கள் ஆட்களையே அனுப்பினார்கள். சர்க்கார் சம்பளத்தில் கன்னம் வைக்கிறவர்கள். ஆபீசில் அவர்களுக்குக் 'கன்னக்கோல் கோஷ்டி' என்றே பெயர். முதல் ஒத்திகையில் காலையில் உள்ளே நுழைந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்கள். கோஷ்டியின் தலைவி எழுதி அனுப்பிய குறிப்பு இப்படி இருந்தது: 'இந்த ஆபீசில் ஒருவரும் லீவு கேட்கவில்லை. ஒருவரும் ஒருவரைக் குறை சொல்லவில்லை. ஃபேன் ஓடவில்லை என்று ஒரு கடிதம்கூட இல்லை. இப்படி ஒரு ஆபீஸ் உலகத்தில் கிடையாது.'

அந்தக் கடிதங்களை எல்லாம் ஒரு இயந்திரம் எழுதியிருந்தது. புரொபசர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சண்டை வேணும்யா. நிஜமான சண்டை. யாருக்கு எழுத வரும்?"

எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே வீட்டு வழக்கைச் சொல்லிச் சிரிக்க வைப்பவள் அவள்தானே? அன்றிலிருந்து அவளுக்கு அங்கே 'கதைக்காரி' என்று பெயர்.

கதைக்காரி வெகுதூரம் போகவில்லை. வீட்டில் இருந்ததை எடுத்து ஆபீசில் வைத்தாள். பொம்மை ஆபீசில் ஒரு ஸ்டோர் கீப்பர் வந்தார். அளந்து பேசுகிறவர். தபால் பிரிவில் ஒரு அம்மா வந்தாள். நாக்கில் மிளகாய் வைத்துப் பேசுகிறவள். தபால் அம்மா காலகாலமாக உட்கார்ந்திருந்த நாற்காலியை ஸ்டோர் கீப்பர் அவளைக் கேட்காமல் கழிவு என்று எழுதித் தூக்கிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. நடுவில் உதவியாளராக ஒரு பி.ஏ. பெண் கடிதம் சுமந்து சாகிறாள்.

'ஸ்டோருக்குச் சொல்லவும்: கட்டுக் கயிறு தீர்ந்துவிட்டது. நான் நின்றுகொண்டே வேலை பார்ப்பதையும் சொல்லவும்.'

'தபாலுக்குச் சொல்லவும்: கயிறு அனுப்பப்பட்டது. ஸ்டூல் உள்ளது.'

'ஸ்டூலில் அவரையே உட்கார்ந்து பார்க்கச் சொல்லவும்.'

புரொபசர் ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் தன் மின்னஞ்சல் பெட்டிக்கு வரவழைத்துப் படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

இப்போது உண்மையான பரீட்சை வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை தொடங்கி வெள்ளிக்கிழமை மாலை சங்கு ஊதும் வரை கன்னக்கோல் கோஷ்டி உள்ளே வரலாம். அதற்குள் அவர்கள் நிஜப் பெட்டகத்தைத் தொட்டுவிட்டாலோ, இது பொம்மை என்று கண்டுபிடித்துவிட்டாலோ பணம் நின்றுவிடும். கட்டடத்தைப் பூட்டிவிடுவார்கள். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கும்தான். ஆனால் கணவனின் வேலை இந்த ஊர் ஸ்டேஷனோடு கட்டிப் போட்ட வேலை. அவள் மட்டும் பெட்டியோடு கிளம்ப வேண்டியிருக்கும். வீட்டில் தூது சொல்லக்கூட ஆள் இல்லாமல் அந்த இருவரும் எப்படிச் சாப்பிடுவார்கள் என்ற கவலை வேறு.

திங்களன்று கோஷ்டி நுழைந்தது. திரையைக் கவனிப்பவன் ஒல்லி என்று கூப்பிடப்படும் பையன். பேருக்குத்தான் பையன், கல்யாண வயதைத் தாண்டியவன்.

"அக்கா, வந்துட்டாங்க! தபால் ரூம்ல நிக்கறாங்க!"

எல்லாரும் அவன் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். திரையில் பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. எந்தக் கடிதம் திறக்கப்படுகிறது என்று ஒரு வரி ஓடும், அவ்வளவுதான். ஆனால் அந்த வரியை விட்டு ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. செவ்வாய் போனது, புதனும் போனது, கோஷ்டி வெளியே போகவில்லை. பொம்மை ஆபீசின் லீவுக் கடிதங்களையும் குறைகளையும் தோண்டித் தோண்டிப் படித்தார்கள்.

"மாட்டிக்கிட்டாங்க," என்று ஒல்லி கையைத் தேய்த்துக்கொண்டான். "நாற்காலிக் கடிதத்த ரெண்டாவது தடவை தொறக்கறாங்க அக்கா."

வியாழக்கிழமை காலையில்தான் அந்தக் காரியம் நடந்தது. செய்தவர் வேறு யாரும் இல்லை, புரொபசரே. டீக் கோப்பையோடு உட்கார்ந்து அன்றைய நகல்களைப் படித்துக்கொண்டிருந்தார். தபால் அம்மா முதுகு வலிக்கிறது என்று எழுதியிருந்தாள். புரொபசருக்கும் முதுகு வலி உண்டு. மனுஷன் தன்னை மறந்துவிட்டார். பொங்கி வந்த கோபத்தில் ஸ்டோர் கீப்பருக்கே ஒரு கடிதம் அடித்தார்: 'மூத்த பணியாளர் ஒருவரை இப்படி நடத்துவது வெட்கக்கேடு. அந்த அம்மாவுக்கு உடனே நாற்காலி வழங்கவும்.' அடித்து, அனுப்பியும் விட்டார். தன் சொந்த, நிஜமான மின்னஞ்சல் பெட்டியிலிருந்து.

டீயை இன்னொரு வாய் குடித்த பிறகுதான் உறைத்தது. அவர் போட்ட கூச்சலில் காவலாளியே உள்ளே ஓடி வந்துவிட்டார்.

"என்ன சார் பண்ணினீங்க!" என்று ஒல்லி எழுந்து நின்றுவிட்டான். "உங்க பெட்டி நிஜ மெஷின்ல இருக்கு சார்! பொம்மை வீட்டுச் சுவர்ல நீங்களே ஓட்டை போட்டு, வாங்கன்னு கூப்பிட்டிருக்கீங்க!"

"தெரியும்யா. தெரியும்."

"ஸ்டோர் கீப்பருங்கறவர் இல்லவே இல்ல சார்!"

"அதுவும் தெரியும்யா! படிக்கும்போது ஆத்திரமா வந்துச்சு."

கதைக்காரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பயந்துதான் போனாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமும் இருந்தது. தான் எழுதிய பொய்க்கு இவ்வளவு படித்த மனுஷர் கோபப்பட்டுவிட்டாரே!

"இன்னும் அந்தக் கடிதத்தத் தொறக்கல," என்றான் ஒல்லி திரையைப் பார்த்து. "ஆனா வந்ததப் பாத்திருப்பாங்க, இப்ப நாம அழிச்சா சந்தேகம் வரும். சாரோட விலாசத்துக்குப் போற வழிய நான் திருப்பி விடறேன். கதவத் தட்டினா நிஜ ரூம் தொறக்காது, நாம கட்டற பொம்மை ரூம் தொறக்கும். ஆனா அக்கா, காலி ரூமா இருந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுருவாங்க. ஒரு புரொபசரோட ரூம் மாதிரி இருக்கணும். அவரோட வாழ்க்கை உள்ள இருக்கணும்."

"எப்பக்குள்ள வேணும்?"

"இப்பவே வேணும்."

அவள் ஸ்வெட்டர் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு புரொபசருக்கு எதிரே நாற்காலியைப் போட்டாள்.

"சார், உங்களுக்கு யார் மேல கோபம்?"

"எனக்கு யார் மேலயும் கோபம் இல்லம்மா."

"பொய் சொன்னா திருடன் கண்டுபிடிச்சுருவான் சார்."

புரொபசர் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்தார். "என் மாப்பிள்ளை இருக்கானே. சொந்தக்காரங்க வந்தா, 'மாமா கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கறார்'னு சொல்றான்."

"நல்லா இருக்கு சார். மேல சொல்லுங்க."

"தோட்டக்காரன் என் வீட்டு மரத்த மொட்டை அடிச்சுட்டான். மூக்குக் கண்ணாடி தொலைஞ்சு போச்சுன்னு வாரா வாரம் எழுதறேன், யாரும் தேடித் தர்றதில்ல. பக்கத்து டிபார்ட்மெண்ட்காரன் எங்க ஏணிய எடுத்துட்டுப் போய்..."

ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. அவள் கை வலிக்க வலிக்க அடித்துக்கொண்டே போனாள். மாப்பிள்ளைக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம், ஏணிக்கு நினைவூட்டல், கண்ணாடிக்கு விளம்பரம். நடுவே, ஒரு மூலையில், பெட்டகம் என்று பெயரிட்ட பொம்மைக் கோப்பு. மற்றவர்கள் ரொட்டியைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் எதைத் தின்றோம் என்று தெரியாமல் தின்றாள்.

"அக்கா, சார் கடிதத்தத் தொறந்துட்டாங்க!" என்றான் ஒல்லி. "இப்ப ஸ்டோர் கீப்பர் என்ன பதில் சொல்றார்னு காத்துக்கிட்டிருக்காங்க. பதில் வரலைன்னா அசிங்கமாயிடும்."

அங்கேதான் கதைக்காரி நின்றுவிட்டாள். மேலதிகாரி திட்டினால் அந்த மனுஷர் என்ன செய்வார்? பணிவாரா, சண்டைக்கு வருவாரா? தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் வீட்டில் இருந்தார். அவள் வாசலுக்கு ஓடினாள். பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கைபேசியை வாங்கினாள். வெளியே வந்ததும் வெயில் கன்னத்தில் அறைந்தது. ஸ்வெட்டரோடு நடுமைதானத்தில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறேன், ஏன்னு கேக்காதீங்க. உங்க கிடங்குல பெரிய அதிகாரி ஒருத்தர், 'உடனே சைக்கிளத் திருப்பிக் குடு'ன்னு உத்தரவு போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அந்தப் பக்கம் தராசு முள் ஆடி நிற்கிற நேரம் ஆயிற்று.

"என்ன பண்ணுவேன்? 'தங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது'ன்னு எழுதிட்டு சும்மா இருப்பேன்."

"குடுக்க மாட்டீங்களா?"

"அவர் யாரு நடுவுல?"

"சரி மாமா. அவ்வளவுதான். வைக்கட்டுமா?"

"இரு இரு." குரல் தாழ்ந்தது. "அவ சாப்பிட்டாளான்னு கேளு."

"மாமா, நான் ஆபீஸ்ல இருக்கேன். அத்தை உங்க பக்கத்து ரூம்ல இருக்காங்க."

"அதனாலதான் உன்னக் கேக்கறேன். நீ அவளுக்குப் போன் போட்டுக் கேளு. நான் கேட்டேன்னு சொல்லாத."

வெயிலில் நின்று அவள் அந்தக் கைபேசியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஓடினாள். மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள், உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சிரித்தபடி ஓடும் பெண்ணை நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஸ்டோர் கீப்பரின் பதில் போனது. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. நாற்காலி குறித்த பொருள் பரிசீலனையில் உள்ளது.' அடுத்த கடிதம் பி.ஏ. பெண்ணுக்கு. 'தபால் அம்மா டீ குடித்தார்களா என்று பார்த்துச் சொல்லவும். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.'

திரையில் வரி ஓடியது.

"தொறந்துட்டாங்க," என்றான் ஒல்லி. "மூடிட்டாங்க. மறுபடி தொறக்கறாங்க. அக்கா, மறுபடியும்! கோஷ்டில ஒவ்வொருத்தரா வந்து படிக்கறாங்க போல!"

அன்று மாலையே கோஷ்டி புரொபசரின் பொம்மைக் கதவைத் தட்டியது. கதவு திறந்தது. மாப்பிள்ளைக் கடிதத்தைப் படித்தார்கள். ஏணியைப் படித்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த மூலைக் கோப்பில் கை வைத்தார்கள். பூட்டை நெம்பினார்கள். சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் அது திறந்துகொண்டது. சங்கு ஊதியதும் ஒல்லி நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். புரொபசர் கதைக்காரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே தும்மினாள்.

சனிக்கிழமை காலை பாதுகாப்புத் துறையின் பெரிய அதிகாரி வந்தார். கன்னக்கோல் கோஷ்டியும் வந்தது. தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. ஜெயித்த நடையோடு உள்ளே வந்து, மேஜை மேல் ஒரு கட்டுத் தாளை வைத்தாள்.

"உங்க பெட்டகம். கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா தொறந்துட்டோம்."

புரொபசர் தாளைப் புரட்டினார். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "மேடம், இதுல கடைசிப் பக்கம் எங்க டீக் கணக்கு. மத்ததெல்லாம் இந்தப் பொண்ணு வியாழக்கிழமை மத்தியானம் எழுதினது."

தலைவி கதைக்காரியைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். "தபால் அம்மா?"

"நான்தான் மேடம்."

"ஸ்டோர் கீப்பர்?"

"அதுவும்தான்."

கோஷ்டியில் ஒருவன் 'அடப்பாவி' என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். பெரிய அதிகாரி முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நிதி அடுத்த கட்டத்துக்கும் தொடரும் என்று அவர் சொன்னது அந்தச் சிரிப்புக்கு நடுவில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் மற்றவர்களைக் கட்டிப் பிடித்துச் சொன்னார்கள்.

கிளம்பும்போது தலைவி கதைக்காரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் நம்பினது எந்த இடத்துல தெரியுமா? டீ குடிச்சாங்களான்னு கேட்டாரே, அங்கதான். அந்த ஆள் மன்னிப்புக் கேட்டிருந்தா அப்பவே வெளிய வந்திருப்பேன். ஆனா ஒண்ணு மட்டும் கடைசி வரைக்கும் புரியல. அந்த நாற்காலிய ஏன் தூக்கிப் போட்டாரு?"

"எனக்கும் தெரியாது மேடம்."

"எழுதினவங்களுக்கே தெரியாதா?"

"தெரிஞ்சவர் சொல்ல மாட்டேங்கறாரு."

அன்று மத்தியானம் வீட்டில் நான்கு பேரும் மேஜையில் இருந்தார்கள். கணவனும் வந்திருந்தான். சோறும் பருப்பும் வதக்கிய காயும். ஜன்னல் வழியாகச் சுடுகாற்று வந்தது. மருமகள் கால் தரையில் பாவாமல் இருந்தாள். இந்த ஊரை விட்டுப் போக வேண்டாம் என்ற சந்தோஷத்தை வாய்விட்டுச் சொல்லவும் வழி இல்லை. அந்த வேகத்தில்தான் அவள் கொஞ்சம் துணிந்துவிட்டாள்.

"அத்தை, மாமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க."

மாமனார் நிமிர்ந்தார். அவர் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

"சைக்கிள் விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன், மனசுல வச்சுக்க வேண்டாம், மன்னிச்சுடுன்னு சொல்லச் சொன்னாங்க."

மாமியார் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "இது நீயா எழுதினது."

"இல்ல அத்தை..."

"கல்யாணத்தன்னிக்கு என் கால மிதிச்சுட்டு, 'ஏன் கால அங்க வச்ச'ன்னு கேட்ட மனுஷன்மா இது. மன்னிச்சுடுவாம்! யாருகிட்ட?"

கணவன் தட்டுக்குள் முகத்தை வைத்துச் சிரித்தான். மருமகளுக்குக் காது சூடேறியது. பாதுகாப்புத் துறையின் கை தேர்ந்த திருடர்களைக் கட்டிப் போட்டவள் ஒரே வரியில் மாட்டிக்கொண்டாள். ஆபீசில் செய்யாத தப்பை வீட்டில் செய்துவிட்டாள். வெட்கமாக இருந்தாலும் அவள் விடவில்லை.

"சரி, தூது வேண்டாம். நானே கேக்கறேன் மாமா. ஏன் குடுத்தீங்க?"

"இடத்தை அடைச்சுக்கிட்டு..."

"அது இல்ல. அந்த இடத்துல இன்னிக்கு வரைக்கும் நீங்க ஒண்ணுமே வைக்கல."

மாமனார் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "அவகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தார்.

மருமகள் வாயைத் திறக்கவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்து மெதுவாகக் குடித்தாள். மனுஷருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. திரும்பினார்.

"அன்னிக்கு மழையில நீ விழுந்துட்டு வந்த. முட்டில ரத்தம். நீ பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே வந்து, 'வழுக்கிருச்சு'ன்ன. பால்காரன் அப்புறம் சொன்னான், லாரி உன் தலைகிட்ட வந்து நின்னுச்சாம். சைக்கிளப் பாக்கப் பாக்க எனக்கு அந்த லாரிதான் கண்ணுல நின்னுச்சு. தூக்கிக் குடுத்துட்டேன். அவ்வளவுதான்."

சுடுகாற்றில் ஜன்னல் கதவு ஒரு முறை அடித்தது. மாமியார் கரண்டியை வைத்துவிட்டு நேராக அவரைப் பார்த்தாள். பார்த்து எத்தனை மாதமோ.

"பயந்துட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது?"

"இப்பச் சொன்னீங்களே, அப்படித்தான்."

அவர் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"சோறு போடட்டுமா?"

"போடு."

"அதுக்காக விட்டுருவேன்னு நெனைக்காதீங்க. எனக்கு சைக்கிள் வேணும்."

"வாங்கலாம்," என்றார் மாமனார். "பிரேக்க நான்தான் பாத்து வாங்குவேன்."

"வாங்குங்க. ஓட்டப் போறது நான்தானே."

கணவன் கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். மருமகள் எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் குதித்தாள்.

திங்கட்கிழமை ஸ்வெட்டரை மாட்டியதும் முதல் வேலையாகப் பொம்மை ஆபீசில் ஒரு கடிதம் வைத்தாள். யாரும் கேட்காத கடிதம். பரீட்சை முடிந்துவிட்டது. ஆனாலும் பொம்மை ஆபீஸ் திறந்தே இருந்தது, அதன் வேலையே திறந்திருப்பதுதானே. ஸ்டோர் கீப்பர் தபால் அம்மாவுக்கு, பி.ஏ. பெண் வழியாக இல்லாமல், நேராக எழுதியிருந்தார்: 'நாற்காலியின் கால் விரிசல் விட்டிருந்தது. நீங்கள் விழுந்திருப்பீர்கள்.'

டீ வருவதற்குள் ஒல்லி கூப்பிட்டான். "அக்கா, இங்க வாங்களேன். கன்னக்கோல் கோஷ்டி வந்த அதே ஓட்டை வழியா யாரோ வந்திருக்காங்க."

அவள் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். வந்த ஆள் பெட்டகத்தின் பக்கமே போகவில்லை. அந்த ஒரு கடிதத்தைத் திறந்தது தெரிந்தது. வெகுநேரம் திறந்தே இருந்தது. பிறகு மூடிவிட்டு, எதையும் தொடாமல், வந்த வழியே போய்விட்டார்.